தலையை ஆட்டிய விவகாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? விறகு தூக்க வேண்டாமென்றால் கேட்க மாட்டீர்களே! ப்ராக்கில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

கணினி நிரல்களில் பிழை தேட எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கருவி இருக்கிறதே, அதை நாமே கட்டளைகள் எழுதி இயக்கும் வசதியைத் திருத்தினேன் அல்லவா? கூடவே அதை எப்படிப் பயன்படுத்துவதென்று விளக்கமும் எழுதியிருந்தேன். கூட்டத்தில் பொறுப்பாளர் போஹுமில், "விளக்கத்தை யாரு படிக்கப்போறா? விட்டுடலாமா?" என்றார். நம் பல்கேரிய வழக்கப்படி தலையை மேலும் கீழும் ஆட்டி மறுத்தேன். இங்கே அது சம்மதமாம்! என் நிரலை மட்டும் சேர்த்துவிட்டார்.

நேற்று அவரே வந்து நின்றார். "கலினா, இத எப்படிம்மா ஓட்டுறது?"

"விளக்கத்துல இருக்கு. அதைச் சேருங்க, படிச்சுக்கலாம்."

"அதான் எதிர்ல நிக்கிறியே, வாயால சொல்லேன்!"

தலையை மேலும் கீழும் ஆட்டினேன். இந்த முறை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். சாயங்காலமே விளக்கம் சேர்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், வேலை போகாது.

அம்மாவிடம் மிளகாய் விழுது அனுப்பச் சொல்லுங்கள். சின்ன பாட்டில் போதும், சேர்ந்து சாப்பிட இங்கே யாருமில்லை. டிராம் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஊருக்குத் திரும்பி வருகிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எப்படித் தலையாட்டுவதென்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் பிடிவாதம் பிடித்த மகள்,
கலினா