வீட்டுக்கா, வண்டிக்கா?

மால்ட்டா, மொன்டானா
ஏப்ரல் 9, 2008

அன்புள்ள ஆர்டனுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீங்களும் உங்கள் தம்பி ராய்ஸும் ஹாவரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் ராய்ஸ்தான் எடுக்கிறார். "அண்ணன் குளிக்கிறாரு அண்ணி" என்கிறார். மூன்று மாதமாக ஒரு மனுஷன் குளித்துக்கொண்டே இருந்தால் தோல் என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓட ஆரம்பித்துவிட்டது. முற்றம் முழுக்கச் சேறு. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லாரும் உங்களைத்தான் விசாரித்தார்கள். "தம்பி வீட்டுக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்றேன். ஜனவரியில் போன விருந்தாளி ஏப்ரலிலும் திரும்பவில்லை என்றால் யார் நம்புவார்கள்? பாவம், நம்பியதுபோலத் தலையாட்டினார்கள்.

வண்டி ஓட்டும் தேர்வில் நீங்கள் தேறிவிட்டதை ராய்ஸ் சொன்னார். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்டோபரில் உங்களுக்கு வாய் கோணி, வலது கை விழுந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். ஆறு மாதத்தில் எழுந்து ஓட்டிக் காட்டிவிட்டீர்கள். அதை நீங்களே எனக்குச் சொல்லவில்லையே என்று வயிறும் எரிந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் கேட்பது?

அந்த ரேடியோ விஷயத்தை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேச நீங்கள் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் பேசமாட்டீர்கள், கல்லுளிமங்கன்.

உங்கள் பிறந்தநாளுக்கு, சந்தா கட்டிக் கேட்கிற அந்தச் செயற்கைக்கோள் ரேடியோ வாங்க வென்டெல் கடைக்குப் போனேன். நீங்கள் ஓட்டிய லாரியிலிருந்து கழற்றி நம் பிக்கப் வண்டியில் மாட்டிய உங்கள் பழைய பெட்டிக்குக் குமிழ் வழுக்குகிறதே, புதிதாக ஒன்று இருக்கட்டும் என்றுதான் போனேன். வென்டெல் முதல் கேள்வியே "வீட்டுக்கா, வண்டிக்கா?" என்று கேட்டார். நான் மூச்சுகூட விடாமல் "வீட்டுக்கு" என்றேன். "வண்டியில ஒரு தாங்கி, வீட்டுல ஒரு தாங்கி, ரெண்டுலயும் மாத்தி மாத்திச் சொருகிக்கலாம், இப்படியும் ஒண்ணு இருக்கு பாரு" என்று எடுத்து வைத்தார். நான் திரும்பியே பார்க்கவில்லை. பெரிய ஒலிபெருக்கி வைத்த வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆன்டெனாவுக்குத் தெற்கு வானம் தெரிய வேண்டுமாமே, அதனால் சமையலறை ஜன்னலில் வைத்தேன். உங்கள் நாற்காலியையும் அங்கேயே இழுத்துப் போட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு!

மறுநாள் காலை ரேடியோ கம்பெனிக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண் "பழைய பெட்டியோட சந்தாவ இதுக்கு மாத்திடட்டுமா? அது இப்பவே நின்னுடும், பரவால்லையா?" என்று கேட்டாள். எனக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. மாத்தும்மா என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் அப்போது முற்றத்தில் பிக்கப்புக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். தினமும் காலையில் போய் எஞ்சினைப் போடுவீர்கள். குளிரில் பேட்டரி செத்துப்போகாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே. நீங்கள் அங்கே உட்கார்ந்து ரேடியோவில் லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்கிறீர்கள், எந்தக் கணவாயில் பனி, எந்தச் சாலை மூடல் என்று கேட்டுக்கொண்டு மனசுக்குள் ஓட்டுகிறீர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குமிழைத் திருகினீர்கள். தட்டினீர்கள். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி, வண்டிக் கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவில் பனி மூடியிருக்கிறது என்று நினைத்துச் சட்டைக் கையால் துடைத்தீர்கள். எட்டவில்லை. மறுபக்கம் சுற்றிப் போய் மறுபடியும் துடைத்தீர்கள். அப்போதாவது நான் ஓடி வந்து சொல்லியிருக்கலாம். புதுப் பெட்டியில் பாட்டு வந்துவிட்டது என்ற குஷியில் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே வந்து "ரேடியோ செத்துப்போச்சு" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "சாகல, வீட்டுக்கு மாத்திட்டேன். இனிமே உங்களுக்கு வண்டியில எதுக்கு?"

அந்தக் கடைசி வார்த்தையை நாக்கைப் பிடுங்கியாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் எடுத்துக்கொள்வேன். ஆறு மாதம் பொறுங்கள், பிறகு ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இனிமேல் இல்லை என்று தீர்ப்பு எழுதியவள் நான். நீங்கள் ராய்ஸுக்குப் போன் செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். மத்தியானம் ராய்ஸ் வந்து உங்களை அழைத்துக்கொண்டு போனார்.

சந்தா மிச்சமாகும் என்றுதான் மாற்றினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். உண்மை இதுதான், ஆர்டன். லாரியில் நீங்கள் சியாட்டிலுக்கும் சிகாகோவுக்கும் போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் நான் இந்த வீட்டில் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவீர்கள். உடம்புக்கு வந்த பிறகுதான் தினமும் காலையில் என் எதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிட்டீர்கள். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. உங்களுக்கு வந்த நோயை நான் எனக்குக் கிடைத்த வரமாக எடுத்துக்கொண்டேன். கட்டிய பெண்டாட்டி நினைக்கிற நினைப்பா அது?

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் வென்டெல் கடைக்குப் போனேன். இந்தத் தடவை எல்லாப் பெட்டியையும் பொறுமையாகப் பார்த்தேன். "இங்கயும் அங்கயும் போறதையே எடு மார்லிஸ், அதான் புத்திசாலித்தனம். போன தடவையே சொன்னேன், நீதான் காதுலயே வாங்கல" என்றார். கையில்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் தோன்றியது, ஒவ்வொரு சாயங்காலமும் அதைக் கழற்றி உள்ளே கொண்டு வாருங்கள் என்று நச்சரிக்கப் போகிறவளும் நான்தானே. கீழே வைத்துவிட்டேன். வண்டியோடு பொருத்துகிற பெட்டியைத்தான் வாங்கினேன். வென்டெலே பிக்கப்பில் மாட்டிக் கொடுத்தார். குமிழ் பெரியது, உங்கள் வலது கைக்குப் பிடி கிடைக்கும். வீட்டுப் பெட்டியின் சந்தாவை நிறுத்தி இதற்கு மாற்றிவிட்டேன். கம்பெனிப் பெண் இந்தத் தடவையும் "அது இப்பவே நின்னுடும்" என்றாள். நின்றது. நீங்கள் அன்று எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

சனிக்கிழமை காலையில் பிக்கப்பை நானே ஹாவருக்கு ஓட்டி வருகிறேன். சிரிக்க வேண்டாம், மெதுவாகத்தான் வருவேன். ராய்ஸ் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, மத்தியான ரயிலில் திரும்பிவிடுவேன். உங்களைக் கூப்பிடமாட்டேன். நீங்கள் வெளியே வரவேண்டும் என்றும் இல்லை. டாங்க் நிரப்பியிருக்கும். மாத்திரை டப்பா முன்சீட்டில் இருக்கும், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே திரும்பினால் வீடு, தொண்ணூறு மைல். மேற்கே திரும்பினால் மலை, கடல், உங்களுக்குப் பிடித்ததெல்லாம் அந்தப் பக்கம்தான். நான் எதையும் கேட்கவில்லை. கதவைப் பூட்டாமல் வைப்பேன், இரண்டு பேருக்குச் சமைப்பேன், அது என் பாடு.

எங்கே வேண்டுமானாலும் போய்வாருங்கள், ஆர்டன். போகிறதை இனி நான் தடுக்கமாட்டேன். வருகிறதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள்
மார்லிஸ்