தட்டில் வளர்ந்ததற்கு நான் எழுதிய பெயர்

இன்று காலை தென்காசிக்கு வேலைக்கு வரும் பேருந்தில், குற்றாலத்தில் ஏறிய ஒருவர் காயாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார். இரண்டு நாள் ஈரத்தின் பூஞ்சை வாடை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருப்பாய்.

சாரல் காலத்து ஞாயிறுகளில் தோழி என்ற உரிமையில் என்னையும் இழுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவாய். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நீயும், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் நானும், பாறைமேல் பெட்ரித் தட்டுகளைத் திறந்துவைத்து, காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் வந்து விழக் காத்திருப்போம். குளிக்க வந்தவர்கள் ஏதோ பிரசாதம் என்று எட்டிப் பார்ப்பார்கள். நாலாம் நாள் தட்டில் பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று முளைத்திருக்கும். நிறத்தையும் வித்தின் வடிவத்தையும் பார்த்து நான் பட்டென்று பெயர் சொல்லிவிடுவேன்.

"அவசரப்படாதட்டி. இப்ப ஜீனைப் பாத்துல்லா பிரிக்காவ. ஒண்ணுன்னு நெனச்சது நாலு இனமா இருக்கு" என்பாய்.

உனக்குச் சிறுநீரகம் மாற்றிய பிறகு அந்தப் பயணங்களை நான்தான் நிறுத்தினேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளோடு உன்னை அந்தக் காற்றில் நிற்கவிடப் பயம். ஆனால் பூஞ்சை எந்தக் காற்றில்தான் இல்லை? ஓர் ஐப்பசியில் உனக்கு இருமல் தொடங்கியது. உன் சளி எங்கள் லேபுக்குத்தான் வந்தது.

தட்டில் வளர்ந்தது வெள்ளையாக இருந்தது. வழக்கமான இனம் என்றால் அதற்குள் புகைப்பச்சை ஏறியிருக்க வேண்டும். நுண்ணோக்கியிலோ வித்துகளைத் தாங்கும் அதே தலை, அதே வித்து. வார்டிலிருந்து போன்மேல் போன். பழகிய பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படுக்கையில் கிடந்தபடி கேட்டாய். "என்னட்டி வளந்திருக்கு?"

"வழக்கமா வாரதுதான். மருந்து இருக்கு, பயப்படாத."

"கலர் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன்.

அந்தப் பெயருக்குரிய மருந்தைப் பதினோரு நாள் ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் நீ இல்லை.

தட்டைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. மரபணுச் சோதனைக்கு வெளியூர் அனுப்பினேன். வந்த பதிலில் வேறு பெயர் இருந்தது. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் உறவுக்கார இனம். நிறம் பிந்தி வருவது. அந்த மருந்துக்கு எளிதில் அடங்காதது.

"மைக்ராஸ்கோப்ல யாருக்கும் தெரியாதும்மா, விடுங்க" என்றார் உன்னைப் பார்த்த டாக்டர். நிறத்தைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை.

சுரண்டையில் உன் வீட்டுக்குப் போய் உன் கணவரிடம் சொன்னேன். நிறத்தையும், உன்னிடம் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"சரியாச் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?"

"தெரியலை அண்ணாச்சி."

"அந்தத் தெரியலையை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா." குரல் உயரவில்லை. அதன்பிறகு அவர் என்னோடு பேசவேயில்லை.

இப்போதெல்லாம் சந்தேகம் தட்டினால் நான் பெயர் எழுதுவதில்லை. டாக்டரை அழைத்து, "இன்னும் தெரியலை சார், வழக்கமான மருந்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்" என்கிறேன். சிலர் எரிந்து விழுகிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். தெரியாது என்று சொல்லப் பழகுவதற்கு உன்னையல்லவா விலையாகக் கொடுத்திருக்கிறேன்.