வெள்ளிக்கிழமை என்னுடைய நாள்

கட்டார்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சென்ற வெள்ளி விடுமுறையில் தனியாகக் கடற்கரையில் போய் இருந்தேன். மறுநாள் ஹோட்டல் சூப்பவைசர், "அங்கே இரண்டு மணித்தியாலம் என்ன செய்தாய்?" என்று கேட்டார். வேலைநேரம் பதிவதற்கென்று எங்கள் போனில் போட்ட செயலி, விடுமுறையிலும் நாங்கள் போகுமிடத்தை அவருக்குக் காட்டியிருக்கிறது. நம் ஊர் செட்டிபாளையத்துக் கடலை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு ஏன் சொல்ல வேண்டும்? அவர் முன்னாலேயே செயலியை அழித்தேன்.

"வேலை போகப்போகுது கா," என்றாள் அறைத்தோழி நிலக்சி.

"போனாப் போகட்டும். வெள்ளிக்கிழமை என்ட நாள்," என்றேன்.

மாலையில் அவளும் அழித்தாள், பிறகு மற்றவர்களும் அழித்தார்கள். இப்போது எல்லோரும் வேலைநேரத்துக்குப் புத்தகத்தில் கையொப்பமிடுகிறோம், வேலையும் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

கொஞ்சம் கூனி இறால் வறுத்து அனுப்புங்கள். பதிலைக் கையால் எழுதி, உறையை நன்றாக ஒட்டிவிடுங்கள். அதை நான் மட்டும் வாசிக்க வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

மகள் உசாந்தி