டோறிஸ் அம்மாவின் பங்கர்

1991 ஆனி, ஞாயிறு இரவு. மனோர் பார்க்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார டோறிஸ் அம்மாவின் தோட்டத்தில், ஜேர்மன்காரன் குண்டு போட்ட காலத்தில் அவ ஒளிச்சிருந்த தகரப் பங்கர் ஒன்று கிடக்குது. றோசா நட இடம் வேணுமாம். அரை மணித்தியாலத்தில் உடைச்சுத் தாறன் என்று வாக்குக் குடுத்தனான். யாழ்ப்பாணத்தில் நூறு பங்கர் வெட்டின கை இது. போன கிழமை ஐம்பது என்று சொன்ன ஞாபகம், பரவாயில்லை.

இண்டைக்குக் கோடாலியோடு போனன். மனிசியும் விடுப்புப் பார்க்க, வேடிக்கைக்கு வந்தாள். "வாசலை 'ட' மாதிரி வளைக்கேல்லை, குண்டுச் சிதறல் நேரா உள்ளுக்கை வரும்" என்று நான் வெள்ளைக்காரனின் வேலையில் பிழை பிடிச்சுக்கொண்டு நிற்க, ஹெலிகொப்டர் ஒன்று கூரைக்கு மேலாலை பதிஞ்சு வந்தது. ஊரில் மேலையிருந்து சுடுற ஹெலியின் அதே சத்தம். கோடாலி எங்கே போனதோ, நான் பங்கருக்குள் குப்புறக் கிடந்தன். மனிசி எனக்கு முதலே உள்ளே.

"உடைக்க வந்த ஆள் ஏனப்பா இஞ்சை?"

"பலம் பாக்கிறன்."

"அப்ப என்ரை காலிலை இருந்து எழும்பிப் பாருங்கோ."

டோறிஸ் அம்மா குனிஞ்சு பார்த்தா. சிரிக்கேல்லை. "கொஞ்சம் தள்ளுங்கோ" என்று தானும் வந்து குந்தினா. ஹெலி போயும் மூன்று பேரும் எழும்பேல்லை.

றோசாவுக்கு வேறு இடம் பார்ப்பாவாம். வாசலை மட்டும் நான் வளைச்சுக் குடுக்கிறன் என்று சொல்லிப்போட்டன். அரை மணித்தியாலம் காணும்.