யாரும் கத்தவில்லை

வார்சா, செவ்வாய்

அன்புள்ள நைனாவுக்கு ஷைனி எழுதுவது. முட்டிவலி தேவலையா? ஹார்பரில் கிரேன் ஓட்டியே உங்கள் காது போய்விட்டது, போனில் பேச முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

இங்கே எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் மெயில் அனுப்புகிற பழைய வழியை அக்டோபரில் மூடுகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் புது வழிக்கு மாற்றுவது என் வேலை. யாருடையது என்று தெரியாத புரோகிராமை ஒருநாள் நிறுத்திப் பார்ப்போம். யாராவது கத்தினால் அது தேவை. போன வாரம் ஒன்றை நிறுத்தினேன். ஆறு வருடமாகத் தினமும் காலையில் ஒரு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் கத்தவில்லை. அழித்துவிட்டேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். லீவுகூடச் சொல்லாமல் மூன்று நாள் படுத்துவிட்டேன். ஆபீசில் யாரும் கேட்கவில்லை. இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதீர்கள்.

ஃப்ளோரா அத்தையிடம் காசிமேட்டு நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். வாசனை வராமல் மூன்று கவர் போடட்டும்.

தினமும் காலையில் "துன்னுட்டேன் நைனா" என்று மெசேஜ் போடுவேனே, அந்த மூன்று நாளும் போடவில்லை. உங்கள் போனில் சார்ஜ் இருந்திருக்காது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். இனி ஒருநாள் மெசேஜ் வராவிட்டால் போன் போட்டு, "இன்னாம்மா, எங்க கீற?" என்று கத்துங்கள். என் பதில் உங்களுக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

ஷைனி