மூன்று தடவை தப்பானால்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் கடிதம். போன மாதம் நீ என்று நினைத்து எவனிடமோ பேசிவிட்டேன். "அக்கா, நம்பர் மாத்திட்டேன். ஜலதோஷம், அதான் குரல் இப்படி" என்றான். முட்டி வலி தேவலையா, தூக்கம் வருதா, சாப்பிட்டியா என்று முக்கால் மணி நேரம் விசாரித்தான். கடைசியில், "உன் பேர்ல இன்சூரன்ஸ் போடறேன், அடையாள அட்டை நம்பரும் பிறந்த தேதியும் சொல்லு" என்றான். சொன்னேன். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் படித்துக் காட்டினேன்.

இப்போது யாரோ என் பெயரில் மூன்று போன் இணைப்பு வாங்கி ஊரை ஏமாற்றுகிறார்களாம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "நீங்கதானாம்மா அது?" என்று என்னையே ஏற இறங்கப் பார்க்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் குரலை வைத்தே ஆளைச் சொன்னவள் நான். மானம் போகிறது.

கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமெல்லாம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. அட்டை நம்பர், பிறந்த தேதி, போனுக்கு வரும் எண், இதையெல்லாம் கடவுளே வந்து கேட்டாலும் சொல்லாதே. வங்கிக்குப் போய் ரகசிய எண்ணை மாற்று. போலீசில் நீயும் ஒரு புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலைப் பத்திரமாக வை. அட்டையின் நகலை யாருக்குக் கொடுத்தாலும், எதற்காக என்று அதன் மேலேயே எழுதிக் கொடு.

இனி யார் என் பெயரைச் சொல்லிப் பேசினாலும், நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேள். கேள்வியை நீயே முடிவு செய். விடையை மட்டும் எங்கேயும் எழுதாதே, எனக்கு எழுதும் கடிதத்தில்கூட. மூன்று தடவை தப்பாகச் சொன்னால், நானே கெஞ்சினாலும் போனை வைத்துவிடு.

வேலை கழுத்தை நெரிக்கிறது. மற்றவை பிறகு.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. வங்கியில் அந்தப் பெண், "புது நம்பர் ஞாபகம் இருக்குமாம்மா?" என்றாள். "எனக்கு மறக்கவே மறக்காது, அதுதான் என் வியாதி" என்றேன். பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள்.

கேள்வி இதுதான். மழை நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு வருவேனே, அப்போது என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாய்? ரொம்பச் சுலபம். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுச் சாயங்காலம் உன் பெயரைச் சொல்லி ஒருவர் பேசினார். கேட்டேன். "குதிரை" என்றார். "பஸ்ஸு" என்றார். "அக்கான்னுதான் கூப்பிட்டிருப்பேன், இப்ப இது எதுக்கு? போலீஸ் விசாரணை முடிஞ்சுதா, அதைச் சொல்லு" என்றார். மூன்று ஆகிவிட்டது. நீ சொன்னபடியே வைத்துவிட்டேன்.

முதல் ஹலோவிலேயே அது நீதான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசியவன் நீ இல்லை என்பதும் முதல் ஹலோவிலேயே தெரியும். முப்பத்தொரு வருஷப் பழக்கம் எங்கே போகும்? ஆனால் அவன் சாப்பிட்டியா என்று கேட்டான். போனை வைக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்றுதான் கேட்டதையெல்லாம் கொடுத்தேன். போலீஸ்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

விடையை எழுதக் கூடாது என்றாய், எழுதவில்லை. நேரில் வந்தால் சொல்கிறேன். கதவைத் தட்டினால் போதும். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா