தோளில் இருந்த கை

பஸ்ரா,
3 செப்டம்பர் 2021

அண்ணன் சுஃப்யானுக்கு,

முதலில் ஸலாம். எவ்வளவு கோபமானாலும் அதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்று வாப்பா பழக்கிவிட்டுப் போய்விட்டார். தொலைபேசியில் நான் வாய் திறந்ததும் வைத்துவிடுகிறாய். அதனால் இந்தக் காகிதம். ரமாதிக்கு வாடகை வண்டி ஓட்டும் அபூ ஸத்தாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தேர்தல் சுவரொட்டியை யாரோ கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். உன் தலைக்கு மேல் வாப்பாவின் முகம். கீழே, "அவர்கள் கொன்ற ஷஹீத் மர்வானின் மகன்." வாப்பாவைத் தியாகி ஆக்கிவிட்டாய். உம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தோள்ல என் கை இருந்துச்சே, எங்கடி?"

அது அவர்களுடைய கல்யாணப் படம், அண்ணா. உன் கட்சிக்காரன் கையைத் துடைத்து எடுத்திருக்கிறான். "ரமாதி ஸுன்னிக்காரங்களுக்கு ஷியாக்காரி கை ஆகாது போல" என்று சிரித்துவிட்டு அரிசி கழுவப் போனாள். கழுவிய அரிசியையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவர்கள்" என்றால் யார்? உம்மாவின் ஆட்களா? அப்படி இல்லை என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் நீ. அந்த வரியை எடுத்துவிடு.

தபாரக்


ரமாதி,
10 செப்டம்பர் 2021

என் கண்ணு தபாரக்,

உன் கையெழுத்து இன்னும் சின்னப் பிள்ளைக் கையெழுத்துதான். கோபமும் அப்படியே. பஸ்ராவில் கரண்ட் இருக்கிறதா, தண்ணீர் இன்னும் உப்பா? உம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கையை எடுத்தது அச்சகத்தான். நான் திட்டிவிட்டேன். ஆனால் அந்த வரியை எடுக்க முடியாது. இங்கே ஒரு வீடு விடாமல் யாரையாவது இழந்திருக்கிறார்கள். இழந்தவர்களின் வரிசையில் அவர்களுக்கு வாப்பாவும் வேண்டும். இது நேற்று தொடங்கிய சண்டையும் இல்லை; உனக்கே தெரியும், எவ்வளவு படித்திருக்கிறாய்.

வாப்பா இறந்த அன்று நீ சின்னப் பெண். எதைப் பார்த்தாய், எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாய் என்று உனக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு உதவி. கடைசிக் கூட்டத்துக்கு உம்மாவை அழைத்து வா. மேடையில் உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம். அவள் வாயைத் திறந்தால் தெற்கத்திப் பேச்சு தெரிந்துவிடும் என்று இங்கே பயப்படுகிறார்கள். இன்னொன்று, வாப்பாவின் அந்த அட்டை. அது என்னிடம் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

உன் அண்ணன்,
சுஃப்யான்


பஸ்ரா,
16 செப்டம்பர் 2021

சுஃப்யானுக்கு,

ஸலாம் சொல்லியாயிற்று.

நான் சின்னப் பெண்தான். அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது. வாப்பாவிடம் இரண்டு அடையாள அட்டைகள் இருந்தன. உண்மையான அட்டையில் மர்வான், ஸுன்னி பெயர். பணம் கொடுத்து வாங்கியதில் ஹைதர், ஷியா பெயர். ஷியாவும் ஸுன்னியும் வெட்டிக்கொண்ட அந்த வருஷம் பாக்தாதில் பாதிப் பேர் அப்படித்தான் நடமாடினார்கள். வழிமறிப்பவன் யார் என்று பார்த்து ஒன்றை மேல்பையிலும் மற்றதைக் காலுறையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார். "ஏங்க, இன்னைக்கு நீங்க யாரு?" என்று உம்மா கேட்பாள். "ராத்திரி நீ எந்தப் பேர்ல கூப்பிடுறியோ அவன்" என்பார்.

அன்று கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது போலீஸ் உடுப்பில் நின்றவர்களைப் பார்த்தார். அந்த உடுப்புக்குள் ஷியாக்கள்தான் இருப்பார்கள் என்று ஹைதரை எடுத்து நீட்டினார். உடுப்புக்குள் இருந்தது ஸுன்னி ஆட்கள். அவர்கள் ஹைதர்களைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டும்போது காலுறையிலிருந்து எந்த அட்டை வந்தது? ஈரத்தோடு கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தவன் நீ. மர்வான். மர்வான் காலுறையில் இருந்தால் மேல்பையில் இருந்தது யார்? மர்வான் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கிறவனே, அவரைக் கொன்றது உன் "நாம்", உன் "அவர்கள்" அல்ல!

நான் படித்ததைச் சொல்கிறாய். படித்தேன். கர்பலாப் போரைப் பற்றி இரண்டு பக்கத்தாரும் எழுதியதைப் படித்தேன். சுல்தான்களும் ஷாக்களும் இந்த மண்ணை மாற்றி மாற்றிப் பிடித்ததைப் படித்தேன். அமெரிக்கர்கள் வந்து நாற்காலிகளை மதவாரியாகப் பங்கு வைத்ததைப் படிக்கவே வேண்டாம், அதில்தான் வளர்ந்தோம். எந்தப் பக்கத்திலும் பாக்தாத் ஸைதியா பேட்டையின் கண்ணாடிக் கடைக்காரர் பெயர் இல்லை. அவரை அந்தச் சண்டைக்குள் இழுத்து விட்டது வரலாறு இல்லை. ஒரு தொகுதிக்காக நீ.

உம்மா ஊமையாக வந்து உட்கார மாட்டாள். அட்டையும் வராது. எரிக்கத்தானே கேட்கிறாய்?

தபாரக்


ரமாதி,
24 செப்டம்பர் 2021

தபாரக்,

ஆமாம், மர்வான்தான் இருந்தது. போதுமா?

இப்போது நீ கேள். வாப்பா போனதும் பெண்பிள்ளை உம்மாவோடு, ஆண்பிள்ளை வாப்பாவின் குடும்பத்தோடு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். யாராவது என்னைக் கேட்டார்களா? நீ உம்மாவின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். என்னை ரமாதி போகும் பெரியவாப்பாவின் வண்டியில் ஏற்றினார்கள்.

முதல் வாரமே தெருப் பையன்கள் பேர் வைத்துவிட்டார்கள். ஸுன்னி பாதி, ஷியா பாதி, சேர்த்தால் ஸுஷி, ஜப்பான்காரர்கள் தின்னும் பச்சை மீன். "டேய் ஸுஷி! ஜப்பான்காரன் வந்திருக்கான், மறைஞ்சுக்கடா, தின்னுருவான்!" ஒவ்வொரு நாளும் சாப்பாட்டில் பெரியவாப்பா கேட்பார், "உங்க உம்மா ஆளுங்கதானடா கொன்னது?" தலையை ஆட்டினால் ரொட்டி என் பக்கம் வரும். ஒரே ஒரு தடவை காலுறையைப் பற்றிச் சொன்னேன். "அப்ப உங்க வாப்பா ஹைதர்னு பேரை மாத்திக்கிட்டு ஓடின கோழையா?" என்றார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

ஷஹீதின் மகனாக இருந்தால் இங்கே எழுந்து நிற்கிறார்கள். ஏமாந்து செத்தவன் மகனை யார் உட்கார வைப்பார்கள்? நீ பஸ்ராவில் முழுசாக இருக்கிறாய். நானும் ஒரு இடத்திலாவது முழுசாக இருந்துகொள்கிறேன், விடு.

வரி இருக்கும்.

சுஃப்யான்


பஸ்ரா,
2 நவம்பர் 2021

அண்ணா,

ஸலாம்.

நீ ஜெயித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். விருந்து அழைப்பும் வந்தது. பளபளக்கும் அட்டையில், "ஷஹீத் மர்வானின் குடும்பத்தாருக்கு." பின்பக்கத்தில் மட்டும் உன் கையெழுத்து, "வெள்ளிக்கிழமை உம்மாவைப் பார்க்க வரலாமா?"

உன் போன கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த மேசையில் உன் பக்கம் நகர்ந்த ரொட்டியை நினைத்து, கடிதம் வந்த ராத்திரி நான் ரொட்டியைத் தொடவில்லை. ஆனால் இப்போது நீ அந்த மேசையில் பெரியவாப்பாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். எதிரில் இருக்கும் பையன்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறாய். தலையாட்டினால் ரொட்டி. இதை நான் மன்னிக்க மாட்டேன். நான் முழுசாக இருக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது? இங்கேயும் எனக்கு அதே பேர்தான், அதே பச்சை மீன்தான்.

அழைப்பின் பின்பக்கத்தை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "வரச் சொல்லுடி. எம் புள்ளை. என் வாசல்ல யாரும் பேரு கேக்க மாட்டாங்க" என்றாள். நேற்றே மீன்காரனிடம் சொல்லி வைத்துவிட்டாள். கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். மர்வான் அட்டையைச் சட்டத்தில், அவள் கைக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறாள்.

உம்மா கேட்க மாட்டாள். நான் கேட்பேன்.

இந்த நாட்டில் வழிமறித்துக் கேட்காத ஆளே இல்லை, நான் ஒருத்தி கேட்டால் என்ன? கதவைத் திறந்து கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்பேன். வாப்பாவை யார் கொன்றார்கள்? கடிதத்தில் எழுதியது செல்லாது. வாயால் சொல். சொன்னால் கையை எடுத்துவிடுவேன். உள்ளே சோறு இருக்கும், உம்மா இருப்பாள். சொல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போ. உம்மா அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காவலுக்கு வரும் ஆட்களைத் தெருமுனையில் நிறுத்தாதே. வாசல்வரை கூட்டிக்கொண்டு வா. அவர்களுக்கும் கேட்க வேண்டும்.

மர்வானாகப் பிறந்து ஹைதராகச் செத்தவரின் மகள்,
தபாரக்